சினைப்பைப் புற்றுநோயில் ஆயுளைக் கணிக்கும் மரபணுக் குறிகள்: ஓர் எளிய விளக்கம்

பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் பிறவியிலேயே பிழை உள்ள பெண்ணுக்கு, 80 வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 44 சதவீதம். அந்தப் பிழை இல்லாத பெண்களில் 100 பேருக்கு ஒருவர் அல்லது இருவருக்குத்தான் வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. நோய் வந்தபின் கணக்கு மாறிவிடுகிறது. 26 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2012இல் வெளியான பகுப்பாய்வில், பிழை இல்லாத நோயாளிகளில் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருந்தவர்கள் 36 சதவீதம். பிஆர்சிஏ1 பிழை உள்ளவர்களில் 44 சதவீதம். பிஆர்சிஏ2 பிழை உள்ளவர்களில் 52 சதவீதம்.

நோயைக் கொண்டுவந்த பிழையே, நோய் வந்தபின் ஆயுளை நீட்டுவது எப்படி? இந்த ஒரு முடிச்சு அவிழ்ந்தால், இந்தத் துறையில் பேசப்படும் மற்றக் குறிகளில் பெரும்பாலானவை தானாகப் புரிந்துவிடும்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். சினைப்பை வேறு, கருப்பை வேறு. கருமுட்டை உருவாகும் இடம் சினைப்பை. "சினைப்பைப் புற்றுநோய்" என்று ஒரே பெயரில் அழைத்தாலும், அது பல நோய்களின் தொகுப்பு. மேற்புறச் செல்களில் தோன்றும் வகைகளில் சுமார் 70 சதவீதம், வேகமாக வளர்ந்து பரவும் 'உயர்தர சீரஸ்' வகை. அதில் பெரும்பகுதி சினைப்பையில் தொடங்குவதே இல்லை. கருக்குழாயின் விரல் போன்ற நுனியில் தொடங்கிச் சினைப்பைக்கும் வயிற்று உறைக்கும் பரவுகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. தெளிசெல் வகை, எண்டோமெட்ரியாய்டு வகை, மியூசின் வகை, தாழ்தர சீரஸ் வகை ஆகியவற்றுக்கு வேறு மரபணுக் கதைகள் உண்டு. தெளிசெல் வகையில் ஏஆர்ஐடி1ஏ, தாழ்தர சீரஸில் கேராஸ், பிராஃப் என்று பிழைபடும் மரபணுக்களே மாறிவிடும். எனவே ஒரு வகையில் கண்ட குறியை இன்னொரு வகைக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. இந்தக் கட்டுரை உயர்தர சீரஸ் வகையைப் பற்றியது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். எந்த மரபணுவைப் பற்றிப் பேசுவதற்கு முன்பும் மருத்துவர் பார்ப்பது இரண்டு விஷயங்களை. ஒன்று, நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது. சினைப்பைக்குள் அடங்கிய நிலையில் கண்டறிந்தால் ஐந்தாண்டு கடப்பவர்கள் 90 சதவீதத்துக்கு மேல். தொலைவிடங்களுக்குப் பரவியபின் என்றால் 30 சதவீதம் அளவில். மற்றொன்று, அறுவை முடிந்தபோது கண்ணுக்குத் தெரியும் கட்டி ஏதும் மிச்சமிருக்கிறதா என்பது. மரபணுக் குறிகள் இந்த இரண்டையும் ஓரம்கட்டுவதில்லை, அவற்றோடு சேர்த்துத்தான் படிக்கப்படுகின்றன.

'குறி' என்பதில் இரண்டு வகை

ஒரு குறி, எந்தச் சிகிச்சை கொடுத்தாலும் நோய் எப்படிப் போகும் என்று சொன்னால் அது முன்கணிப்புக் குறி. குறிப்பிட்ட ஒரு மருந்து இவருக்கு வேலை செய்யுமா என்று சொன்னால் அது மருந்துத்தேர்வுக் குறி. செய்திகளில் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். நோயாளிக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். முதல் வகை ஒரு கணிப்பைத் தருகிறது. இரண்டாம் வகை அடுத்து என்ன செய்யலாம் என்று காட்டுகிறது. பிஆர்சிஏ இரண்டு வகையிலும் சேரும். பின்னால் வரும் சிசிஎன்இ1 இன்றைக்குப் பெரும்பாலும் முதல் வகை மட்டும்.

எல்லாரிடமும் இருக்கும் பிழை குறியாகாது என்பதற்கு டிபி53 என்ற மரபணு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் 489 உயர்தர சீரஸ் கட்டிகளை ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டது. டிபி53 பிழை 96 சதவீதக் கட்டிகளில் இருந்தது. நோயின் வகையை உறுதிசெய்ய நோய்க்குறியியல் மருத்துவருக்கு அது பெரிய உதவி. ஆனால் யார் நீண்டகாலம் இருப்பார், யார் இருக்கமாட்டார் என்று பிரித்துக் காட்ட அதனால் முடியாது. வகுப்பில் எல்லாரும் ஒரே சீருடையில் இருக்கும்போது சீருடையை வைத்து ஆளை அடையாளம் காண முடியாதல்லவா?

பழுதுபார்க்கும் ஆள் இல்லாத வீடு

டிஎன்ஏ இரட்டை இழையால் ஆனது. ஒரு இழை மட்டும் அறுந்தால் எதிர் இழையைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால், அதே குரோமோசோமின் நகலைப் பக்கத்தில் வைத்து எழுத்து பிசகாமல் ஒட்டவைக்கும் ஒரு முறை செல்லுக்கு உண்டு. ஒத்திணைவுப் பழுதுபார்ப்பு என்று அதைச் சொல்லலாம். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, ஆர்ஏடி51சி, ஆர்ஏடி51டி, பிஆர்ஐபி1 போன்றவை இந்த வேலையில் பங்குகொள்ளும் மரபணுக்கள்.

ஒவ்வொரு மரபணுவுக்கும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகள். பிறவியில் ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். என்றாவது ஒரு செல்லில் அந்த இரண்டாவதும் போய்விட்டால், அந்தச் செல்லில் நேர்த்தியான பழுதுபார்ப்பு நின்றுவிடுகிறது. அறுந்த இழைகள் கண்டபடி ஒட்டுகின்றன. பிழைகள் சேர்ந்து ஒருநாள் அது புற்றுச்செல்லாகிறது. ஆபத்து கூடுவது இதனால்தான்.

இப்போது சிகிச்சைக்கு வருவோம். இந்த நோய்க்குக் கொடுக்கும் கீமோவில் முதன்மையானது கார்போபிளாட்டின். வழக்கமாகப் பாக்லிடாக்செல்லோடு சேர்த்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை என ஆறு சுற்றுகள். பிளாட்டினம் அணு டிஎன்ஏவின் எழுத்துகளை ஒன்றோடொன்று பிணைத்து முடிச்சுப் போட்டுவிடும். செல் பிரியும்போது அந்த முடிச்சில் இழைகள் இரண்டும் அறுகின்றன. அதைச் சரிசெய்ய ஒத்திணைவுப் பழுதுபார்ப்பு வேண்டும். பிஆர்சிஏ இழந்த புற்றுச்செல்லிடம் அது இல்லை, செல் சாகிறது. நோயாளியின் மற்றச் செல்களில் இரண்டாம் பிரதி இன்னும் நலமாக இருப்பதால் அவை தாக்குப்பிடிக்கின்றன. நோய்க்கு வழிவிட்ட குறையே கட்டியின் பலவீனமாகவும் ஆகிறது.

பார்ப் தடுப்பு மாத்திரைகள் இதே பலவீனத்தை இன்னொரு பக்கத்திலிருந்து தாக்குகின்றன. பார்ப் என்பது ஒற்றை இழை அறுவைச் சரிசெய்ய உதவும் நொதி. மாத்திரை அதை டிஎன்ஏவின் மேலேயே சிக்கவைத்துவிடும். செல் பிரியும்போது அது இரட்டை அறுவாக மாறும்; அதைச் சரிசெய்யும் ஆளும் இல்லை. இந்த உத்தியை ஆய்வகத்தில் காட்டிய இரண்டு ஆய்வுகள் 2005இல் வெளிவந்தன. சோலோ1 என்ற மருத்துவச் சோதனையில் பிஆர்சிஏ பிழை உள்ள, முதல் கீமோவுக்குக் கட்டி நன்கு அடங்கிய 391 பெண்கள் சேர்ந்தார்கள். மூவரில் இருவருக்கு ஒலாபரிப் என்ற பார்ப் தடுப்பு மாத்திரை, ஒருவருக்கு வெற்று மாத்திரை, இரண்டாண்டு வரை. ஏழாண்டு முடிவில் ஒலாபரிப் பெற்றவர்களில் 67 சதவீதமும் மற்றவர்களில் 46.5 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். இந்த நோயில் இவ்வளவு பெரிய இடைவெளி அபூர்வம். மரபணுப் பரிசோதனையை நோய் கண்டறிந்தவுடனேயே செய்துவிடுங்கள் என்று வலியுறுத்துவதற்கு முதல் காரணம் இந்த எண்கள்.

ஆனாலும் பிஆர்சிஏ தரும் முன்னிலை என்றென்றைக்கும் நிலைக்காது. பத்தாண்டுகள் வரை தொடர்ந்து பார்த்த பகுப்பாய்வில், தொடக்கத்தில் தெரிந்த நன்மை ஆண்டுகள் போகப்போகக் கரைந்தது. பிஆர்சிஏ1இல் அது தெளிவாகவே தெரிந்தது. காரணங்களில் ஒன்று, கட்டி கற்றுக்கொள்ளும் தந்திரம். மருந்தின் நெருக்கடியில் சில புற்றுச்செல்களில் இரண்டாவது பிழை ஒன்று விழுந்து, முதல் பிழையின் விளைவைச் சரிக்கட்டிவிடும். மரபணு மறுபடி வேலைசெய்யத் தொடங்கும். அதற்கு 'மீள்பிறழ்வு' என்று பெயர். அந்தச் செல்களின் வழித்தோன்றல்கள் பிளாட்டினத்துக்கும் பார்ப் தடுப்புக்கும் அசையாமல் நிற்கும்.

இது எப்படி முடிகிறது என்பதைத் தமிழ் எழுத்தை வைத்தே பார்க்கலாம். செல் மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. "மரம்கடல்படகுமலர்" என்பதை அப்படிப் படித்தால் மரம், கடல், படகு, மலர். இதில் 'டல்' என்ற இரண்டு எழுத்துகளை நீக்கிவிட்டுப் படித்தால் மரம், கபட, குமல, ர் என்று அதற்குப் பின் எல்லாமே குழம்பிவிடுகிறது. பிஆர்சிஏ1இன் 185டெல்ஏஜி என்ற பிழை இதேதான்: ஏ, ஜி என்ற இரண்டு எழுத்துகள் இல்லை. 1863 அமினோ அமிலங்கள் நீளம் இருக்க வேண்டிய புரதம், 39ஆவது இடத்திலேயே நிறுத்தக் குறி வந்து அறுந்துபோகிறது. பின்னொரு நாள், நிறுத்தக் குறி வருமுன் இன்னும் ஓர் எழுத்து விழுந்தால் மொத்தம் மூன்று எழுத்து குறைவு. அதற்குப் பிந்திய பகுதி மறுபடி சரியாகப் படிக்கப்படும். மீள்பிறழ்வு நிகழும் வழிகளில் ஒன்று இது. (185டெல்ஏஜி முதலில் அஷ்கெனாசி யூதர்களிடையே பரவலாக அறியப்பட்டது. தென்னிந்தியக் குடும்பங்களிலும் திரும்பத்திரும்பக் கண்டறியப்பட்டிருக்கிறது.)

தழும்பை எண்ணுவது

பிஆர்சிஏ பிழை இல்லாத கட்டிகளிலும் பழுதுபார்ப்பு கெட்டிருக்கலாம். முன்பு சொன்ன மரபணு வரைபடத் திட்டத்தின் 2011 தரவின்படி உயர்தர சீரஸ் கட்டிகளில் ஏறத்தாழப் பாதியில் இந்தக் குறைபாடு இருக்கிறது. காரணத்தைத் தேடுவதற்குப் பதில் விளைவைத் தேடும் சோதனைதான் ஹெச்ஆர்டி மதிப்பெண் (ஒத்திணைவுப் பழுதுபார்ப்புக் குறைபாடு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் ஹெச்ஆர்டி). பழுதுபார்ப்பு இல்லாமல் வளர்ந்த கட்டியின் குரோமோசோம்களில் மூன்று விதத் தழும்புகள் விழும்: ஒரு பெற்றோரின் துண்டு காணாமற்போவது, குரோமோசோம் நுனிகளில் இரு பிரதிகளின் சமநிலை குலைவது, பெருந்துண்டுகள் உடைந்து இடம்மாறுவது. மூன்றையும் எண்ணிக் கூட்டுகிறார்கள். பரவலாகப் பயன்படும் சோதனையில் 42 அல்லது அதற்கு மேல் வந்தால் 'குறைபாடு உண்டு' என்று முடிவு.

பயோலா1 என்ற சோதனையில் கட்டிக்குப் புது ரத்தக் குழாய்கள் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்தோடு ஒலாபரிப் சேர்த்தபோது, குறைபாடு உள்ள கட்டிகளில் ஐந்தாண்டு கடந்தவர்கள் 65.5 சதவீதம், சேர்க்காதவர்களில் 48.4 சதவீதம். குறைபாடு இல்லாத கட்டிகளில் அந்தப் பலன் தெரியவில்லை.

இந்த மதிப்பெண்ணின் பலவீனம் அதன் பெயரிலேயே இருக்கிறது. தழும்பு, காயம் ஆறினாலும் போகாது. மீள்பிறழ்வு வந்து பழுதுபார்ப்பு திரும்பிய கட்டியும் அதே 60, 70 என்ற மதிப்பெண்ணைத்தான் காட்டும். ஆகவே முதல் சிகிச்சைக்கு முன் எடுத்த மதிப்பெண்ணை வைத்து, இரண்டாவது முறை நோய் திரும்பியபின் மருந்து கேட்குமா என்று முடிவுசெய்வது தவறாகப் போகலாம்.

மெத்தில் ஏற்றத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பிஆர்சிஏ1இன் எழுத்துகளில் பிழை இருக்காது. ஆனால் அதன் தொடக்கப் பகுதியில் மெத்தில் மூலக்கூறுகள் ஒட்டி மரபணுவை ஊமையாக்கியிருக்கும். 2011 தரவில் இப்படிப்பட்ட கட்டிகள் சுமார் பத்தில் ஒன்று. அந்தப் பெண்களின் ஆயுள், பிழை உள்ளவர்களைப்போல் நீளவில்லை. எழுத்துப் பிழையைத் திருத்துவதைவிட, ஒட்டியிருக்கும் மெத்திலை உதறுவது கட்டிக்கு எளிது.

எதிர்ப்பக்கத்தில் நிற்பது சிசிஎன்இ1. 19ஆவது குரோமோசோமில் உள்ள இந்த மரபணு, செல்லை "டிஎன்ஏவைப் படியெடு, பிரி" என்று உந்தும் சைக்ளின் இ1 புரதத்தைத் தருகிறது. ஐந்தில் ஒன்று என்ற அளவில் கட்டிகளில் இது பல பிரதிகளாகப் பெருகியிருக்கும். இடைவிடாது பிரியும் செல்லுக்குப் பழுதுபார்ப்பு கட்டாயம் வேண்டும் என்பதால், பிஆர்சிஏ பிழையும் சிசிஎன்இ1 பெருக்கமும் ஒரே கட்டியில் சேர்ந்து வருவது அரிது. பழுதுபார்ப்பு நலமாக இருப்பதால் பிளாட்டினம் போதிய அளவு வேலை செய்வதில்லை. முதல் சிகிச்சையிலேயே கட்டி அடங்க மறுப்பதோடு தொடர்புபட்ட குறி இது. நேர்மாறாக, பழுதுபார்ப்புக் குறைபாட்டோடு ஆர்பி1 என்ற மரபணுவும் இழக்கப்பட்ட கட்டிகள் மிக நீண்டகாலம் வாழ்ந்த பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன.

பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும்போது

ஒரு மரபணுவைப் பார்ப்பதற்குப் பதில், நூற்றுக்கணக்கானவை எவ்வளவு சத்தமாக இயங்குகின்றன என்று, மரபணு இயங்கும்போது உருவாகும் நகலான ஆர்என்ஏவை அளந்து ஒரே மதிப்பெண்ணாகச் சுருக்குவது இன்னொரு வழி. 2020இல் வெளியான 101 மரபணுக் கோவை இதில் கவனிக்கத்தக்கது. 3,769 பெண்களின் கட்டிகளை வைத்து உருவாக்கிச் சரிபார்த்தார்கள். மதிப்பெண்படி ஐந்து பிரிவாகப் பிரித்தபோது, இடைநிலை ஆயுள் 9.5, 5.4, 3.8, 3.2, 2.3 ஆண்டுகள் என்று இறங்கியது.

'இடைநிலை' என்ற சொல்லில் சற்று நில்லுங்கள். 2.3 ஆண்டு என்றால், அந்தப் பிரிவில் பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்ந்தார்கள் என்று பொருள். சிலர் மிக நீண்டகாலம். ஒரு பெண்ணைக் காட்டி "உங்களுக்கு 2.3 ஆண்டு" என்று சொல்ல இந்த எண்ணுக்குத் தகுதி இல்லை. அப்படிச் சொல்வது புள்ளியியலுக்கே மாறானது.

இத்தகைய கோவைகள் இதற்கு முன்பும் பல வந்தன. பெரும்பாலானவை வேறு மருத்துவமனைகளின் கட்டிகளில் சோதித்தபோது மங்கிப்போயின. சில நூறு பெண்களிடம் பல்லாயிரம் மரபணுக்களை அளந்தால், தற்செயலாகவே நூற்றுக்கணக்கானவை ஆயுளோடு பொருந்துவதுபோல் தெரியும். ஆய்வகத்தில் மாதிரிகளை ஓட்டிய நாளும் ஏமாற்றும். பிளாட்டினம் யாருக்குக் கேட்கும் என்று கணிப்பதாக 2007இல் வெளியான ஓர் ஆய்வைக் கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் உள்ளிட்ட புள்ளியியலாளர்கள் மறுபடி கணக்கிட்டுப் பார்த்தார்கள். மாதிரிகள் எந்தத் தொகுதியில் ஓட்டப்பட்டன என்பது முடிவுகளோடு கலந்துவிட்டது என்று 2008இல் காட்டினார்கள். அந்த ஆய்வுக்கட்டுரை 2012இல் திரும்பப் பெறப்பட்டது. புதிய குறி பற்றிய செய்தியைப் படித்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கண்டுபிடிக்கப் பயன்படாத, முற்றிலும் வேறான நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்களா?

இன்னொரு மறைவான பிழை, பிஆர்சிஏ ஆய்வுகளையே தொட்டது. நோய் கண்டு மூன்றாண்டு கழித்து மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்த பெண், அந்த மூன்றாண்டு உயிரோடு இருந்தவர் என்பது நிச்சயம். முன்பே இறந்தவர் சோதனைக்கே வந்திருக்கமாட்டார். அந்த மூன்றாண்டையும் கணக்கில் சேர்த்தால் ஆயுள் பொய்யாக நீளும். நல்ல ஆய்வுகள் ரத்தம் எடுத்த நாளுக்குப் பின்வரும் காலத்தை மட்டும் எண்ணுகின்றன.

மாதிரி, அறிக்கை, குடும்பம்

மேற்புறச் செல் வகைச் சினைப்பைப் புற்றுநோய் உள்ள ஒவ்வொருவருக்கும், குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லையென்றாலும், வயது எதுவானாலும், மரபணுச் சோதனை செய்ய வேண்டும் என்பது உலக அளவிலான வழிகாட்டல். இரண்டு மாதிரிகள் தேவைப்படும். ரத்தம் சில மில்லிலிட்டர், ஈடிடிஏ கலந்த ஊதா மூடிக் குழாயில்; இது பிறவிப் பிழையைக் காட்டும். கட்டித் திசு, மெழுகில் பதித்துவைத்த துண்டாக ('மெழுகுக் கட்டி'). இது பிறவிப் பிழையோடு, கட்டியில் மட்டும் தோன்றிய பிழையையும் ஹெச்ஆர்டி மதிப்பெண்ணையும் காட்டும். ரத்தத்தை மட்டும் பார்த்தால் கட்டியில் மட்டும் உள்ள பிழை தவறிவிடும். கட்டியை மட்டும் பார்த்தால், மரபணுவின் பெருந்துண்டே இல்லாமற்போன பிறவிப் பிழைகளில் சில தவறலாம். எழுத்தெழுத்தாகப் படிக்கும் கருவிக்கு அவை எளிதில் படுவதில்லை. எம்எல்பிஏ போன்ற தனிச் சோதனை அவற்றைப் பிடிக்கும்.

திசுச் சோதனை தோற்பது பெரும்பாலும் கருவியால் அல்ல, திசுவால். ஃபார்மலினில் பல நாள் கிடந்த திசுவில் டிஎன்ஏ நொறுங்கிவிடும். 6 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கீமோவுக்குப் பின் எடுத்த திசுவில் உயிருள்ள புற்றுச்செல்கள் குறைந்து தழும்புத் திசுவே மிஞ்சியிருக்கும். முடிந்தால் கீமோவுக்கு முன் எடுத்த பயாப்சியின் மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்கி அனுப்புவது நல்லது. "மாதிரி போதவில்லை" என்று அறிக்கை வந்தால் அதைக் "குறைபாடு இல்லை" என்று படித்துவிடக் கூடாது.

அறிக்கையில் கண்ட மாற்றத்தின் பக்கத்தில் ஒரு வகைப்பாடு இருக்கும். நோய்தரும் மாற்றம், நோய்தர வாய்ப்புள்ள மாற்றம் என்ற இரண்டை வைத்து மட்டுமே முடிவெடுக்கலாம். 'பொருள் உறுதிப்படாத மாற்றம்' என்று இருந்தால் அதை வைத்து மாத்திரை தொடங்குவதும் கூடாது, சகோதரியின் சினைப்பையை எடுப்பதும் கூடாது. தரவு சேரச்சேர இவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்று பின்னர் மாற்றி எழுதப்படுகின்றன. ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகத்திடம் வகைப்பாடு மாறியிருக்கிறதா என்று கேட்கலாம்.

பிறவிப் பிழை உறுதியானால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகனுக்கும் அதே வாய்ப்புதான். அவருக்குச் சினைப்பை இல்லை, ஆனால் அவர் மூலம் பேத்திக்குப் போகலாம். பிஆர்சிஏ2 என்றால் அவருக்கே புராஸ்டேட் புற்றுநோய் ஆபத்தும் கூடும். உறவினர்கள் சோதனைக்குப் போகும்போது அறிக்கையின் நகலைக் கையில் கொண்டுபோக வேண்டும். மாற்றத்தின் சரியான பெயர் தெரிந்தால், ஆய்வகம் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும். அந்தப் பிழை தன்னிடம் இல்லை என்று தெரிந்த சகோதரிக்கு, பிஆர்சிஏ கொண்டுவரும் கூடுதல் ஆபத்து கிடையாது. அவருடைய பிள்ளைகளுக்கும் அவர் வழியாக அது வராது.